பில்லில் தானாகக் குறைந்த 6 பவுண்ட்: புதிதாக இங்கிலாந்து போனவர்களுக்கு

விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருக்கிறேன். போன வாரம் லீட்ஸில் படிக்கிற என் சித்தி மகன் மொபைல் பில்லைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். திட்டத்துக்கு 18 பவுண்ட். அதற்குக் கீழே கழித்தல் குறி போட்டு 6 பவுண்ட். கட்ட வேண்டியது 12. "அண்ணே, எதுக்குக் குறைச்சிருக்காங்கன்னே தெரியல. கேட்டா எடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு, கேக்கவா வேணாமா?"

கேள். இன்றைக்கே கேள். அவனுக்குச் சொன்னதை, அடுத்து செப்டம்பரில் கிளம்பப் போகிற நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சாயங்காலம் முகப்பில் பாய் விரித்து, கைப்பெட்டியைத் திறந்து, அன்றைய நாள்வழியோடு ரொக்கத்தைச் சரிபார்ப்பார். குறைந்தால் தேடுவது எல்லாரும் செய்வதுதான். அவர் கூடினாலும் தேடுவார். ஒரு நாள் மூன்றே கால் ரூபாய் அதிகமாக இருந்ததற்காக விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பார்த்தால், எண்ணெய்க்காரருக்குக் கொடுத்ததாகப் பற்று எழுதியாயிற்று, பணம் கொடுக்கவில்லை. "வகை தெரியாத வரவு நம்ம காசு இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தார்.

இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நானே இங்கிலாந்து போனதும் மறந்துவிட்டேன். 2014ல் 24 மாத ஒப்பந்தத்தில் ஒரு போன் வாங்கினேன். கடையில் இருந்த பையன் நான் எங்கே வேலை செய்கிறேன் என்று விசாரித்து, ஆபீஸ் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மாதம் 25 பவுண்ட் என்றார்கள், 17தான் எடுத்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினோரு மாதம் அப்படியே ஓடியது. இடையில் வேலை மாறினேன். பன்னிரண்டாவது மாதம் 25 பவுண்ட் கேட்டு டைரக்ட் டெபிட் வந்தது, அதாவது நம் வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனமே மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் முறை. வாடகை போன பிறகு கணக்கில் இருந்தது 20 சொச்சம். பணம் எடுக்க முடியாமல் திரும்பிப் போயிற்று. நான் அப்போது தங்கை கல்யாணத்துக்காக ஊரில் இருந்தேன். அந்த சிம்மைக் கழற்றி வைத்திருந்ததால் அவர்கள் அனுப்பிய செய்தி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த 8 பவுண்ட், முதல் கம்பெனி ஊழியர்களுக்கான தள்ளுபடி. இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டு வந்த மின்னஞ்சல் நான் விட்டுவிட்டு வந்த பழைய ஆபீஸ் முகவரிக்குப் போயிருக்கிறது.

8 பவுண்ட் போனதில் எனக்கு வருத்தமில்லை. தவணை தவறிய குறிப்பு, கடன் கொடுப்பவர்கள் பார்க்கிற கிரெடிட் அறிக்கையில் ஏறிவிட்டது. அங்கே அது ஆறு வருஷம் நிற்கும். 2019ல் வீட்டுக் கடனுக்குப் போனபோது அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி. மனைவிக்கு முன்னால் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

நம்மில் பலருக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் 28 நாளுக்கோ 84 நாளுக்கோ ரீசார்ஜ் செய்தே பழகியவர்கள் நாம். காசு முதலில், பேச்சு பிறகு. மாதாமாதம் பில் வந்து அதை வரி வரியாகப் படிக்கிற பழக்கமே கிடையாது. அங்கே முதல் பில் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். சேர்ந்த நாளிலிருந்து உள்ள சில்லறை நாட்களுக்கும் அடுத்த முழு மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். இரண்டாவது பில் குறைந்தால் அது தள்ளுபடி இல்லை, அதுதான் உண்மையான விலை.

கழித்தல் குறியோடு தனி வரியாக வருவதுதான் கவனிக்க வேண்டியது. அது முதல் சில மாதங்களுக்கான அறிமுகச் சலுகையாக இருக்கலாம். வேலை இடம் அல்லது மாணவர் என்ற கணக்கில் வந்ததாக இருக்கலாம். ஒரே கணக்கில் இரண்டு மூன்று இணைப்பு இருப்பதால் வந்ததாகவும் இருக்கலாம். அறை நண்பர் பெயரில் உள்ள கணக்கில் ஒட்டிக்கொண்டவர்கள் இந்தக் கடைசி வகையை யோசியுங்கள், அவர் வீடு மாறி இணைப்பை நிறுத்தினால் உங்கள் விலையும் ஏறும். சிக்னல் இல்லாமல் போனதற்கு ஒரே ஒரு தடவை கொடுத்த ஈடாகவும் இருக்கும். அல்லது சுத்தமான தவறு. தவறாக வந்ததைப் பின்னால் திரும்பக் கேட்பார்கள், அப்போது மொத்தமாகக் கொடுக்க வேண்டி வரும்.

சொன்ன தள்ளுபடி 6, பில்லில் 5 என்று இருந்தால் பதற வேண்டாம். சில பில்களில் 20 சதவீத வாட் வரி சேர்க்காத தொகையைப் போட்டிருப்பார்கள். 5க்கு வரி சேர்த்தால் 6 வந்துவிடும்.

கேட்பதைப் போனில் கேட்காமல் அவர்கள் செயலியில் சாட்டில் கேளுங்கள், எழுத்தில் பதில் இருக்கும். இந்தத் தள்ளுபடிக்குப் பெயர் என்ன, என்ன நிபந்தனையில் வந்தது, எந்தத் தேதியோடு முடிகிறது, முடிந்த பிறகு மாதம் எவ்வளவு. பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 85075க்கு INFO என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால், ஒப்பந்தத்திலிருந்து இப்போது விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது பதிலாக வரும். இந்தச் செய்திக்குக் காசு கிடையாது. ஒப்பந்தம் முடிய 10 முதல் 40 நாள் இருக்கும்போது நிறுவனமே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் 2020 முதல் அங்கே தொலைத்தொடர்பைக் கண்காணிக்கிற ஆஃப்காம் அமைப்பின் விதி இருக்கிறது. அந்தச் செய்தியை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இது மிக முக்கியம். நீங்கள் கேட்காமலே ஒருவர் போன் செய்து, உங்கள் நெட்வொர்க்கிலிருந்து பேசுகிறேன், 40 சதவீதம் தள்ளுபடி தருகிறோம், இப்போது வருகிற குறியீட்டைச் சொல்லுங்கள் என்றால் உடனே வைத்துவிடுங்கள். அந்தக் குறியீட்டை வைத்து உங்கள் கணக்கில் நுழைந்து, உங்கள் பெயரில் விலையுயர்ந்த போனை ஆர்டர் செய்வார்கள். அது உங்கள் வீட்டுக்கே வரும். "தவறாக அனுப்பிவிட்டோம், இந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று மறுபடி கூப்பிடுவார்கள். போன் அவர்களிடம், 24 மாதத் தவணை உங்களிடம். இப்படி ஒரு மோசடிச் சலுகை குறுஞ்செய்தியாக வந்தால் அதை அப்படியே 7726க்கு அனுப்புங்கள். பணம் போய்விட்டதாகத் தோன்றினால் 159ஐ அழைத்தால் உங்கள் வங்கிக்கு இணைப்பு கிடைக்கும், பெரும்பாலான வங்கிகள் அதில் இருக்கின்றன.

சித்தி மகன் நேற்று கேட்டுவிட்டான். யாரும் எதையும் எடுக்கவில்லை. அது ஆறு மாத அறிமுகச் சலுகை, மார்ச் பில்லோடு முடிகிறது. ஏப்ரலில் 18க்கு மேல், ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தபடி, இன்னொரு ஒன்றரை பவுண்ட் ஏறும். ஆக 12 கட்டிக்கொண்டிருந்தவனுக்கு 19 பவுண்ட் 50 பென்ஸ். அதற்கு ஏற்றபடி டைரக்ட் டெபிட் தேதியை, பகுதிநேர வேலைச் சம்பளம் வருவதற்கு மறுநாளாக மாற்றச் சொல்லிவிட்டேன். இங்கே செக்காலை வீட்டில் சித்தியும் தினசரிக் காலண்டரைப் புரட்டி ஏப்ரல் முதல் தாளில் "தம்பி போன் பில்" என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.