கொங்கு நாட்டுச் சபைகளின் ஆதி வழி பிரஸ்பிட்டேரியனா?

நொய்யல்கரை:
கோவையில் எட்டுக் குடும்பங்களாகக் கூடும் பிரஸ்பிட்டேரியன் சபை, அதாவது பிஷப் இல்லாமல் மூப்பர்கள் கூடி ஆளும் சபை, எங்களுடையது. "கொங்கு நாட்டுச் சபைகளின் ஆதி வழிக்குத் திரும்பியிருக்கிறோம்" என்று எங்கள் கையேட்டில் அச்சிட்டோம். பவானிக்கூடல் ஐயா அதைப் படித்துவிட்டு, "இது வரலாறு இல்லை, ஆசை" என்கிறார். எதில் தவறு? தீத்து 1:5இல் ஊர்தோறும் மூப்பரை ஏற்படுத்தச் சொல்கிற பவுல், 7ஆம் வசனத்தில் அதே ஆளைக் கண்காணி என்கிறார். கண்காணிதான் பிஷப். மூப்பருக்கு மேல் தனியாக ஒரு பிஷப் வேதத்தில் எங்கே? நம் சபைகளுக்குப் பிஷப் வந்ததே 1947 செப்டம்பர் 27இல், சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகுதான்.

பவானிக்கூடல்:
வசனத்தில் எனக்கு வழக்கு இல்லை தம்பி. 'ஆதி வழி' என்றீர்களே, அதில்தான். சேலத்துக்கு 1827இலும் கோவைக்கு 1830இலும் வந்தது லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம். கோவையில் தொடங்கியவர் ஆடிஸ். ஈரோட்டில் பிரப் சாலைக்குப் பெயர் தந்த பிரப் துரையும் அந்த மிஷன் ஆள்தான், ஆஸ்திரேலியாக்காரர். அவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் மரபினர். அந்த முறையில் ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். பிஷப்பும் மேலே இல்லை, நீங்கள் சொல்லும் மூப்பர் மன்றமும் மேலே இல்லை. ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்கள் உழைத்தது சென்னை, செங்கல்பட்டுப் பக்கம். அவர்கள் வயலின் விளைச்சலை நம் களத்தில் தூற்றாதீர்கள்.

நொய்யல்கரை:
1908ஐத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள் ஐயா. அந்த ஆண்டு காங்கிரிகேஷனல் சபைகளும் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1947 வரை 39 ஆண்டுகள் ஒரே வீடு. எங்களுக்கு அதில் பங்கு இல்லையா?

பவானிக்கூடல்:
பங்கு உண்டு. மூலப்பத்திரம் கிடையாது. கொள்கைக்கும் வருகிறேன். உங்கள் கொள்கை ஏடான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 3ஆம் அதிகாரத்தில், யார் யாருக்கு நித்திய ஜீவன் என்பது உலகம் உண்டாகுமுன்பே குறிக்கப்பட்டாயிற்று. விளைச்சல் முன்பே எழுதியாயிற்று என்றால் எவன் காட்டில் இறங்கி ஏர் பிடிப்பான்?

நொய்யல்கரை:
மழை நம் கையில் இல்லை என்று தெரிந்துதானே ஐயா ஆடியில் விதைக்கிறோம்?

தாராபுரத்தாள்:
இரண்டு பேரும் பாட்டன் நிலத்துக்குப் பட்டா தேடுகிறீர்கள். லண்டன் மிஷன் தோன்றியது 1795இல். மறு ஆண்டே ஒரு தீர்மானம் போட்டது: பிரஸ்பிட்டேரியன் முறை, சுயாதீன முறை (ஐயா சொன்ன காங்கிரிகேஷனல் முறைதான்), பிஷப் முறை எதையும் நாம் அனுப்பவில்லை, சுவிசேஷத்தை மட்டுமே அனுப்புகிறோம், ஆளுகை முறையை அங்கே விசுவாசிக்கிறவர்களே தீர்மானிக்கட்டும் என்று. எழுத்தில் அப்படி. பங்களாத் துரை சொன்னதற்கு மறுபேச்சுப் பேசிய உபதேசியார் யாரையும் என் ஆத்தா எனக்குச் சொன்னதில்லை.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் ஆராதனைக்கு அம்மாவை அழைத்து வந்திருந்தேன். முழங்கால் வலிக்காரி. எங்கள் கோயிலில் திருவிருந்து வாங்கப் பலிபீடப் படியில் முழந்தாளிட்டு எழுவதற்குள் இரண்டு பேர் தாங்க வேண்டும். உங்கள் மூப்பர் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை பெஞ்சுக்கே கொண்டுவந்து குனிந்து நீட்டினார். கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அம்மா வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் மூன்று மூப்பர்களில் இரண்டு பேர் மாமனும் மருமகனும். ஒரே ஆள் கையில் அதிகாரம் குவியக் கூடாது என்பதுதானே உங்கள் முறையின் பெருமை?

பவானிக்கூடல்:
நன்றாகக் கேட்டாய் அம்மா. எங்கள் பக்கம் மட்டும் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்த ஒரு சபைத் தேர்தலில் பிரியாணிப் பொட்டலம் வந்தது, பிறகு வக்கீல் நோட்டீஸும் வந்தது.

நொய்யல்கரை:
அடுத்த அச்சில் 'ஆதி வழி' என்ற வரியை எடுத்துவிடுகிறோம். தீத்து 1 அப்படியே இருக்கும்.

தாராபுரத்தாள்:
சரி அண்ணா. மாமனும் மருமகனும்?