அப்பாவுக்கு பார்க்கின்சன்: வி.ஆர். சைக்கிள் பயிற்சி கொடுக்கலாமா?

நங்கநல்லூர் மகள்:
அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் வந்து நாலு வருஷம் ஆகிறது. சமையலறை நிலைப்படி வந்தால் போதும், தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி கால் நின்றுவிடும். பின்னால் நின்று நான் ஒன்று, ரெண்டு என்று எண்ணினால்தான் அடுத்த அடி. கண்ணில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, அதில் தெரிகிற காட்சியைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கிற வி.ஆர். பயிற்சி நல்லது என்று தம்பி சொல்கிறான். நடக்கவே தடுமாறுகிறவரை அதில் ஏற்றலாமா?

அடையாறு வாசகர்:
நடை உறைந்துபோகிறவர்களில் சிலருக்கு மிதிக்க நன்றாகவே வரும். நெதர்லாந்து மருத்துவர் பாஸ் ப்ளூம் 2010-ல் அப்படி ஒருவரைப் பற்றி எழுதினார்: நாலடி வைக்க முடியாதவர், சைக்கிளில் ஏறியதும் சர்ரென்று போகிறார். அவருடைய குழு 2019-ல் 130 பேரை வைத்து ஆய்வு செய்தது. ஒரு பாதிப் பேர் வீட்டிலேயே, திரையில் ஓடும் விளையாட்டைப் பார்த்தபடி, வாரம் மூன்று நாள் 30 முதல் 45 நிமிஷம் மிதித்தார்கள், மறுபாதிக்கு உடலை நீட்டி வளைக்கிற பயிற்சி மட்டும். ஆறு மாதம் கழித்து, மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் அசைவுகளைச் சோதித்தபோது மிதித்தவர்களின் நிலை மறுபாதிப் பேரைவிட சுமார் 4 புள்ளி நன்றாக இருந்தது. ஆனால் அவர்கள் எல்லாருமே ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்கள், அதனால் உங்கள் அப்பாவுக்கும் அதே அளவு பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

மாம்பலம் பிசியோ:
ஹெட்செட் வேண்டாம்மா. தலை சுற்றும், கைப்பிடி எங்கே என்றே தெரியாது. டிவி திரை போதும். முதுகு சாய்த்து உட்காரும் சைக்கிள் வாங்குங்கள், பாதத்தை மிதியோடு பட்டை போட்டுக் கட்டுங்கள், மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் மிதிக்கட்டும். மூச்சு கொஞ்சம் வாங்கினால்தான் பலன், அதனால் இதயத்தை முதலில் சோதித்துவிடுங்கள். முடித்தவுடன் சட்டென்று எழுப்பாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள். நான் அதிகம் பயப்படுவது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

திருவான்மியூர் மகன்:
அம்மாவுக்கு வெளிநாட்டு மலைப்பாதை வீடியோ போட்டேன், மூன்றே நாளில் சலித்துவிட்டது. அப்புறம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பெசன்ட் நகர் தெருக்களை போனில் எடுத்து டிவியில் ஓடவிட்டேன். "அஷ்டலட்சுமி கோயில் வரட்டும், அதுவரை மிதிக்கிறேன்" என்கிறார், பத்து நிமிஷம் இருபது ஆகிவிட்டது.

நங்கநல்லூர் மகள்:
எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை நியூராலஜிஸ்டிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம். அப்பா தினமும் நடந்து போன ஆஞ்சநேயர் கோயில் வழியை நாளைக் காலையிலேயே வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டேன் தம்பியை.