கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுநோய்: இட்ரியம் மணிகளா, மருந்து மாற்றமா?

செம்பருத்தி:
அப்பாவுக்குப் பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. இரு மடல்களிலுமாக 9 கட்டிகள், பெரியது 4.2 செ.மீ.; வேறெங்கும் இல்லை. முதல் கீமோவுக்குக் கட்டுப்பட்டிருந்தவை இப்போது மறுபடி வளர்கின்றன. ஒரு மருத்துவர் கல்லீரலுக்குள் இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட நுண்ணிய மணிகளைச் செலுத்தலாம் என்கிறார்; இன்னொருவர் மருந்தை மாற்றினால் போதும் என்கிறார். இருவருமே தங்கள் வழியை ‘இலக்கு சிகிச்சை’ என்றே சொல்வதால் குழப்பமாக இருக்கிறது.

வழிப்போக்கன்:
என் மனைவிக்கு மணிச் சிகிச்சை செய்தோம். ஆகவே அதன் பக்கமே பேசுவேன். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. கட்டிகளோ பெரும்பாலும் தமனியிலிருந்தே இரத்தம் எடுத்துக்கொள்கின்றன. அதனால் தமனிக்குள் நுழைக்கும் மெல்லிய குழாய் வழியே அனுப்பப்படும் மணிகள் பெருமளவு கட்டிகளிலேயே போய்த் தங்குகின்றன. கதிர் சராசரியாக 2.5 மி.மீ. தூரமே பாய்கிறது; 64 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். முன்னதாக இரத்தக் குழாய்களைப் படமெடுத்துப் பார்த்த ஒத்திகை ஆஞ்சியோவில், இரைப்பைப் பக்கம் ஓடிய ஒரு சிறு கிளையைத் திரையில் காட்டி, சுருள் கம்பி வைத்து அடைத்தார்கள். மணிகள் அதற்குள் போயிருந்தால் இரைப்பையில் புண் வந்திருக்கும். மூன்று வாரம் கடுமையான அசதி இருந்தது. அடுத்த ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன.

நுண்ணோக்கி:
சுருங்கியது மகிழ்ச்சி ஐயா. ஆனால் கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் நீள்வது வேறு. 2017இல் மூன்று ஆய்வுகளைச் சேர்த்து, 1,103 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் கீமோவுடனேயே மணிகளையும் சேர்த்தவர்களுக்குக் கல்லீரலில் நோய் கூடுதல் காலம் அடங்கியிருந்ததே தவிர, அவர்கள் கூடுதலாக வாழவில்லை.

வழிப்போக்கன்:
அது முதல் கட்டத்தில் இருந்தவர்களைப் பற்றியது. செம்பருத்தியின் தந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அவரைப் போன்ற 428 பேரிடம் நடந்த ‘எபோக்’ ஆய்வு 2021இல் வெளியானது. நோய் முற்றாமல் இருந்த காலம் மணிகளால் கூடியது என்று அதில் இருக்கிறதே.

நுண்ணோக்கி:
இருக்கிறது. 7.2 மாதம் 8.0 ஆனது, நாள் கணக்கில் 24. அதே ஆய்வில் வாழ்ந்த காலம் மணிகளோடு 14.0 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 14.4, மணிகள் பெற்றவர்களிடம் கடுமையான பக்கவிளைவுகளும் அதிகம். பிலிருபின் என்ற பித்த நிறமி இரத்தத்தில் ஏறியிருக்கும் நிலையில், கல்லீரலில் இதைச் செய்தால் வாரங்கள் கழித்து மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வரக்கூடும். அதனால்தான் முதலில் கட்டியின் மரபணு அறிக்கையைப் பாருங்கள் என்கிறேன். செல் வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் மரபணு மாறாமல் இருந்தால், அந்த வளர்ச்சிச் சைகையைத் தடுக்கும் செட்டுக்சிமாப் போன்ற மருந்துக்கு இடமுண்டு. மாறியிருந்தால் அது பொதுவாகப் பயன்படாது.

மணல்மேடு:
இருவரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். நோய் கல்லீரலோடு நிற்கும்போது முதல் கேள்வி, கத்தியால் எடுக்க முடியுமா என்பதுதான். 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளை ஊசி வழியே வெப்பத்தால் எரிப்பது அறுவைக்குக் குறைந்ததல்ல என்று ‘கொலிஷன்’ ஆய்வு காட்டியிருக்கிறது. 9 கட்டிகள் என்றால் கடினம்தான். ஆயினும் பெரியதை வெட்டி, சிறியவற்றை எரிப்பதும் நடைமுறையில் உண்டு. கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவர் அந்த ஸ்கேனைப் பார்த்தாரா?

வழிப்போக்கன்:
மணல்மேடு சொல்வது சரி. அது முதலில் நடக்கட்டும். நுண்ணோக்கியின் கணக்கையும் மறுக்கவில்லை. ஆனால் மணிகளுக்குப் பிறகு ஐந்து மாதம் கீமோ இல்லாமல் என் மனைவி விரல் மரத்துப்போகாமல் ஊசியில் நூல் கோத்தாள். அது எந்த அட்டவணையிலும் வராது.

நுண்ணோக்கி:
அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கீமோவிலிருந்து இடைவெளி வேண்டும் என்பதற்காகச் செய்வது நேர்மையான காரணம்; ஆயுள் நீளும் என்று சொல்லிச் செய்வதைத்தான் எதிர்க்கிறேன்.

செம்பருத்தி:
பழைய கோப்பைத் தேடினேன். பிலிருபின் 0.9, ஏறவில்லை. மரபணு அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ‘கே-ராஸ் ஜி12டி மாற்றம் உள்ளது’ என்றிருக்கிறது. இதுவரை யாரும் எங்களுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. கே-ராஸ் என்பது ராஸ் வகைதான்; ஆகவே செட்டுக்சிமாப் இல்லை. அறுவை நிபுணர் இன்னும் பார்க்கவில்லை. ஸ்கேன் குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு வரும் திங்களன்று அவரிடம் போகிறோம்.