சிமுலேஷனில் ஓடிய லைன், தரையில் நின்ற லைன்: உங்கள் அனுபவம் என்ன?

ஒரகடம், உதிரிபாக ஆலை:
எங்கள் ஸ்பாட் வெல்டிங் லைனில் மூன்றாவது ஸ்டேஷன் முன்னால் எப்போதும் டிராலி குவிந்து நிற்கும். இன்னொரு ரோபோ வாங்கலாம் என்று மேலே பேச்சு. அதற்குமுன் சிமுலேஷன் செய்ய, அதாவது லைனைக் கணினியில் ஓட்டிப் பார்க்க, ஒரு கன்சல்டன்ட் வந்தார். டைம் ஸ்டடியில் இருந்த சராசரி சைக்கிள் டைமை (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்) அப்படியே போட்டார். திரையில் எங்கேயும் தேக்கமே இல்லை. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "சார், இது எந்த ஊர் லைன்?" என்றார்.

பிறகு பிரேக்டவுன் பதிவேட்டை எடுத்தோம். எத்தனை மணிக்கு ஒருமுறை நிற்கிறது, நின்றால் எவ்வளவு நேரம் என்பதைச் சராசரியாக இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு கொடுத்ததும் குவியல் அதே இடத்தில் வந்தது. வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் கியூ கணக்கின் மிக எளிய மாடலிலேயே இது தெரியும்: வரத்தும் வேலை நேரமும் தாறுமாறாக இருக்கும் ஒற்றை எந்திரம் 80 சதவீதம் பிஸி என்றால் அங்கே சராசரியாக 4 வேலை நிற்கும், 90 என்றால் 9, 95 என்றால் 19. கடைசி ஐந்து சதவீதம்தான் ஆளைக் கொல்லும்.

ரோபோ வாங்கவில்லை. வெல்டிங் முனையான எலெக்ட்ரோடு டிப்பை மாற்றுவதைச் சாப்பாட்டு இடைவேளைக்குத் தள்ளினோம், ஸ்டேஷன்களுக்கு நடுவில் சரக்கு கொஞ்சம் காத்திருக்கச் சின்ன பஃபர் வைத்தோம்.

செங்குன்றம், கிடங்கு:
எங்களுக்கும் அதே கதை, லாரியில். மணிக்கு இத்தனை வண்டி என்று மாடலில் சீராக வரும். நிஜத்தில் நகருக்குள் லாரித் தடை நேரம் முடிந்ததும் எல்லாம் கொத்தாக வந்து நிற்கும். கேட் ரெஜிஸ்டரில் இருந்த நேரங்களை அப்படியே ஏற்றிய பிறகுதான் லாரி நின்று சரக்கு ஏற்றி இறக்கும் டாக் எண்ணிக்கை பற்றிப் பேசவே முடிந்தது.

கோவை, பம்ப் தயாரிப்பு:
எங்களிடம் ஒருவர் 'டிஜிட்டல் ட்வின்' என்று விற்றது அழகான 3டி படம் மட்டும். எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியிலிருந்து ஒரு சிக்னல்கூட அதற்குள் போகவில்லை. 2002இல் மைக்கேல் கிரீவ்ஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்த யோசனையைச் சொன்னபோதே நிஜப் பொருள், அதன் கணினி உரு, இரண்டுக்கும் இடையே ஓடும் தரவு என்று மூன்றும் இருந்தன. மூன்றாவது இல்லாததற்கு ஏன் அந்தப் பெயர், அந்த விலை?

ஓசூர், டிரெயினி:
அண்ணா, சின்ன லைனுக்கு சிம்பை (SimPy, பைதான் மொழியில் சிமுலேஷன் எழுதும் நூலகம்) போதுமா?

ஒரகடம்:
தாராளமாகப் போதும் தம்பி, இலவசமும்கூட. மாடல் காலி லைனாகத் தொடங்குவதால் முதல் சில மணி நேர முடிவுகளைக் கழித்துவிடுங்கள். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களைத் தொடங்கி வைக்கும் எண்) மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள். அனிமேஷன் மட்டும் தானாக வராது. மேனேஜருக்குப் படம் வேண்டுமென்றால் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.