பாட்டி ஏன் முன்னாடியே சொல்லவில்லை? ஃபேன்டசி கதையில் குடும்ப ரகசியம்

நிலவறை:
ஒரு ஃபேன்டசி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதிக்கு மேல் வந்துவிட்டது. மலைக்கிராமத்தில் பாட்டியோடு வளர்கிற ஒரு பெண். அவளுடைய அம்மா அந்த ஊரையே எரித்த மந்திரக்காரி, இது பாட்டிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இருபதாவது அத்தியாயத்தில்தான் உடைக்கிறேன். படிக்கக் கொடுத்த தோழி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "மூணாவது அத்தியாயத்திலேயே பாட்டி வாயைத் திறந்திருந்தா கதையே இல்லையே?" இரண்டு நாளாக ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. சீக்கிரம் உடைத்தால் சுவாரசியம் போகும், இழுத்தால் வாசகருக்கு எரிச்சல் வரும். நீங்கள் படித்ததில் இது எங்கே ஒத்துவந்தது, எங்கே கடுப்பேறியது? ஸ்பாய்லர் பற்றிக் கவலையில்லை, தாராளமாகச் சொல்லுங்கள்.

கரிசல் ஆந்தை:
கடுப்பு என்றால் எனக்கு ஹாரி பாட்டர் கதையில் வருகிற தலைமையாசிரியர் டம்பிள்டோர்தான். முதல் புத்தகத்தின் முடிவில், படுக்கையில் கிடக்கிற ஹாரி நேராகவே கேட்கிறான், அப்பா அம்மாவைக் கொன்ற வோல்டமார்ட் என்னையும் ஏன் கொல்லப் பார்த்தான் என்று. உனக்கு இன்னும் வயது வரட்டும் என்று தள்ளிவிடுகிறார். பதில் வருவது ஐந்தாவது புத்தகத்தின் கடைசியில். 1997இல் கேட்ட கேள்விக்கு 2003இல் பதில், அதற்குள் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் செத்தே போய்விட்டான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த இழுவையைத் தப்பு என்று கதையே ஒத்துக்கொள்கிறது. உன் மேல் பாசம் வைத்துவிட்டேன், உன் நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை என்று கிழவர் வாய்விட்டுச் சொல்கிறார். ஹாரியையும் வோல்டமார்ட்டையும் பற்றிய ஒரு தீர்க்கதரிசனம்தான் அந்தப் பதில். அதை முன்பே சொல்லியிருந்தால் வோல்டமார்ட் விரித்த வலையில் ஹாரி விழுந்திருக்கமாட்டான், அவனைக் காப்பாற்ற வந்த சிரியஸும் பிழைத்திருப்பான். அதனால்தான் கோபம் கதை மேல் போகாமல் அவர் மேல் போகிறது. உங்கள் பாட்டி சும்மா இருந்ததால் யாருக்கு என்ன போச்சு? ஒன்றும் போகவில்லை என்றால் உங்கள் தோழி சொன்னது சரி.

(அப்பா அம்மா கார் விபத்தில் இறந்தார்கள் என்று பெட்டூனியா பெரியம்மா வீட்டில் சொன்ன பொய் மட்டும் எனக்கு உறுத்தவே இல்லை. அந்த வீட்டுக்கு அந்தப் பொய்தான் பொருத்தம்.)

வடக்குச் சுவர்:
'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையின் நெட் ஸ்டார்க்கைப் பாருங்கள். ஜான் ஸ்னோவைத் தனக்கு வேறொருத்தியிடம் பிறந்த மகன் என்று சொல்லி வளர்க்கிறான். உண்மையில் ஜான் தன் தங்கை லயன்னாவின் பிள்ளை, அப்பா பழைய ராஜாவின் மகன் ரேகார் டார்கேரியன் என்று வெளியே தெரிந்தால் குழந்தை உயிரோடு இருக்காது. ரேகாரின் மற்ற பிள்ளைகளைக் கொன்றதைப் புது ராஜா ராபர்ட் தப்பென்றே நினைக்கவில்லை, அதற்காக நெட் அவனோடு சண்டை போட்டவன். அதனால் ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொள்ள அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. விலையும் கொடுக்கிறான்: கட்டின பெண்டாட்டி கேட்லினே அவனைத் துரோகி என்று நினைத்துக்கொண்டு வாழ்கிறாள், அந்தக் கசப்பெல்லாம் ஜான் தலையில் விடிகிறது.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. 1996இல் வந்த முதல் புத்தகத்தில் நெட்டின் மனசுக்குள் இருந்தே பல அத்தியாயங்கள் போகின்றன, ஆனாலும் ரகசியம் வெளியே வராது. ஒரு கோபுரம், ஒரு காய்ச்சல் கனவு, தங்கைக்குக் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான் வரும். தனக்குள்ளேயே அந்த நினைப்பைத் தொடப் பயப்படுகிற ஆள் என்பதால் அது ஏமாற்று வேலையாகத் தெரியவில்லை. சீரியலில் 2016இல் போட்டு உடைத்தார்கள், புத்தகத்தில் இன்னும் ஊகம்தான். உங்கள் நாவலில் பாட்டியின் பார்வையில் அத்தியாயம் எதுவும் இருக்கிறதா? இருந்தால் அங்கே கவனம்.

திண்ணைக்காரி:
எல்லோரும் ரகசியத்தை எப்போது உடைப்பது என்றே பேசுகிறீர்கள். வாசகரிடம் மறைத்தே ஆக வேண்டுமா? பாரதத்தை ஃபேன்டசி என்று சொன்னால் யாராவது அடிக்க வரலாம், பரவாயில்லை. கர்ணன் யார் பிள்ளை என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அரங்கத்தில் அவனைப் பார்த்ததும் குந்தி மயங்கி விழுகிறாள், ஏன் என்று அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கர்ண மோட்சம் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற சனம் முடிவு தெரியாமலா பார்க்கிறது?

எனக்கு இன்னும் பிடித்தது, அந்த ரகசியம் கைமாறுகிற விதம். போருக்கு முன்னால் கிருஷ்ணன் கர்ணனிடம் சொல்லிவிடுகிறான். உடனே கர்ணன், தருமனிடம் சொல்லிவிடாதே, அவன் ராஜ்ஜியத்தை என்னிடம் கொடுப்பான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன் என்கிறான். மறைக்கப்பட்டவனே மறைக்கிறவன் ஆகிவிட்டான்! போர் முடிந்த பிறகுதான் குந்தி வாயைத் திறக்கிறாள், தருமன் பெண் குலத்துக்கே சாபம் கொடுக்கிறான். (அந்தச் சாபத்தைப் பற்றி எனக்குத் தனியாகக் கோபம் உண்டு, அது இன்னொரு நாள்.)

நிலவறை:
பாட்டி பார்வையில் இரண்டு அத்தியாயம் இருக்கிறது, ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது. அவள் அடுப்பு மூட்டுகிறாள், ஆடு மேய்க்கிறாள், மகளைப் பற்றி ஒரு தடவைகூட நினைப்பதில்லை. ஊரை எரித்த மகளைப் பெற்றவள் அடுப்பு மூட்டும்போது எப்படி நினைக்காமல் இருப்பாள்? என் வசதிக்காக அவள் மண்டையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது தோன்றுவது இதுதான். ஊர்க்காரர்களுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைக்குத் தெரியாத வரைக்கும்தான் இரண்டு பேரும் இங்கே இருக்கலாம், தெரிந்த அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று பாட்டியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். வாசகருக்கு இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

கரிசல் ஆந்தை:
இது தேறும். ஆனால் ஊர்ப் பிள்ளைகளின் வாயை யார் கட்டுவது? கோலி விளையாட்டுச் சண்டையில் ஒருத்தனாவது உளறிவிடுவானே.

நிலவறை:
ஐயோ. சரி, அப்போது எட்டாவது அத்தியாயத்தையும் கிழிக்க வேண்டியதுதான்.