ஆண்ட்ரூ டிக்சன் வைட்: கார்னெல் பல்கலைக்கழகத்தின் பணம் எங்கிருந்து வந்தது?

ஏட்டுக்கட்டு:
கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட்டின் (1832–1918) வாழ்க்கைக் குறிப்பு ஒன்றைத் தொகுத்து வருகிறேன். இரண்டு இடங்களில் கணக்கு உதைக்கிறது. பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல் கொடுத்தது 5 லட்சம் டாலர், கூடவே நியூயார்க் மாநிலத்தின் இத்தகா ஊரில் இருந்த தன் பண்ணை நிலம். இதை வைத்து அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் எப்படி எழுந்தது? காட்டை விற்றுப் பணம் வந்தது என்கிறார்கள். நியூயார்க் மாநிலக் கல்விக்கூடத்துக்கு விஸ்கான்சினில் ஏது காடு? அடுத்தது, ஜென்னி மெக்ரா உயில் வழக்கு. நூலகத்துக்கென்றே எழுதிவைத்த சொத்து ஏன் கைநழுவியது? இவற்றில் வைட்டின் பங்கு என்ன?

காணிக்கணக்கு:
1862ஆம் ஆண்டு மோரில் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். விவசாய, பொறியியல் கல்விக்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம். நியூயார்க்குக்கு 31 பிரதிநிதிகள், 2 செனட்டர்கள். ஆக, ஏறக்குறைய 9,90,000 ஏக்கர்.

சிக்கல் என்னவென்றால், நியூயார்க் எல்லைக்குள் மத்திய அரசின் நிலம் கிடையாது. அதனால் நிலத்துக்குப் பதில், வேறு இடத்தில் அரசு நிலம் பெற உரிமை தரும் சீட்டுதான் கிடைத்தது: ஒன்று 160 ஏக்கர், மொத்தம் 9,89,920 ஏக்கர். ஒரு மாநிலம் அந்தச் சீட்டை வைத்து இன்னொரு மாநிலத்தில் தானே நிலம் எடுக்கக் கூடாது. தனியாருக்கு விற்றுவிட வேண்டும். வாங்கியவர் போய் நிலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் சீட்டை அவிழ்க்க, ஏக்கர் 1.25 டாலர் என்பது அரசு விலையாக இருக்க, சந்தையில் சீட்டு 50 சென்ட் அளவுக்கு இறங்கிவிட்டது. பல மாநிலங்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டன.

எஸ்ரா தந்திக் கம்பி போட்டுச் சம்பாதித்தவர். பொறுத்திருந்தால் விலை ஏறும் என்று கணக்குப் போட்டார். முதலில் 1,00,000 ஏக்கர் சீட்டை 50 சென்ட் விலையில் வாங்கினார். வேறு ஆட்களுக்கு 76,000 ஏக்கர் போயிற்று. மீதி 8,13,920 ஏக்கருக்கு 1866இல் மாநிலத்துடன் ஒப்பந்தம்: ஏக்கருக்கு உடனே 30 சென்ட், நிலம் விற்று லாபம் வந்தால் இன்னொரு 30 சென்ட், அதற்கு மேல் வரும் லாபம் முழுவதும் பல்கலைக்கழகத்துக்கு. தனி ஆள் என்பதால் அவர் நிலம் எடுக்கத் தடையில்லை. ஏறத்தாழ 5,00,000 ஏக்கரை விஸ்கான்சின் பைன் காடுகளில் எடுத்தார்.

இதிலிருந்து இரண்டு தனி நிதிகள் உருவாயின. சீட்டு விற்ற விலை ஒன்று, நிலம் விற்ற லாபம் மற்றொன்று. குறிப்பில் இவற்றைக் கலந்துவிடாதீர்கள். உயில் வழக்கே இந்த இடத்தில்தான் சுழல்கிறது.

பழந்தாள்:
வைட்டின் பங்கு சீட்டு கைக்கு வருமுன் நடந்தது. 1864இல் நியூயார்க் செனட்டுக்குள் நுழைந்தபோது அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். கல்விக் குழுவுக்குத் தலைவரானார். எஸ்ரா விவசாயக் குழுவின் தலைவர். நிலச்சீட்டு ஏற்கனவே பீப்பிள்ஸ் காலேஜ் என்ற நிறுவனத்துக்கு நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டிருந்தது, நிபந்தனைகளை அது நிறைவேற்றவில்லை. அதை இரண்டு கல்லூரிகளுக்குப் பிரித்துத் தரலாம் என்று எஸ்ராவே முதலில் மசோதா கொண்டுவந்தார். வைட் ஒத்துக்கொள்ளவில்லை. துண்டு துண்டாகப் போனால் ஒரு இடத்திலும் நல்ல ஆய்வுக்கூடமோ நூலகமோ நிற்காது என்பது அவர் வாதம். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் ஆகப் பெரிய காரியம் இந்த மறுப்புதான். பின்னால் வகித்த தூதர் பதவிகளெல்லாம் இதற்கு அடுத்துதான்.

1865 ஏப்ரல் 27இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சாசனம் கையெழுத்தானது. சட்டமன்றத்தில் எதிர்த்த சமயக் கல்லூரிகளைச் சமாளிக்க, ஜெனிசி கல்லூரிக்கு எஸ்ரா 25,000 டாலர் தர வேண்டும் என்ற விதியும் உள்ளே நுழைந்தது. அறங்காவலரில் எந்த ஒரு சமயப் பிரிவும் பெரும்பான்மை ஆகக் கூடாது என்பதும் சாசனத்தில் உண்டு. 1868 அக்டோபர் 7, திறப்பு விழா; 412 மாணவர்கள்.

வழக்குக்கட்டு:
உயில் விஷயம். ஜென்னி மெக்ரா மரவியாபாரி ஜான் மெக்ராவின் மகள்; திறப்பு விழாவில் ஒலித்த ஒன்பது மணிகள் அவர் கொடுத்தவை. 1880இல் பெர்லினில் வில்லார்ட் பிஸ்கை மணந்தார். பிஸ்க் யார் என்றால், வைட்டின் சிறுவயது நண்பர், பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். வைட் அப்போது பெர்லினில் அமெரிக்கத் தூதர். 1881இல் ஜென்னி இறந்தார், உயிலில் பெரும்பங்கு பல்கலைக்கழகத்துக்கு.

சாசனத்தில் ஒரு வரி: பல்கலைக்கழகம் 30 லட்சம் டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கக் கூடாது. 1865இல் அந்தத் தொகை எட்டாத உயரம். விஸ்கான்சின் காட்டின் மதிப்பைச் சேர்த்ததும் வரம்பு தாண்டிவிட்டது. அதனால் உயில் சொத்தைப் பல்கலைக்கழகம் பெற முடியாது என்று பிஸ்க் வழக்குப் போட்டார். சட்டமன்றம் 1882இல் வரம்பை நீக்கியது. ஆனால் ஜென்னி இறந்த நாளில் நிலவரம் என்ன என்பதுதான் கேள்வி. காட்டுப் பணம் மோரில் சட்டப்படி மாநிலத்தின் பொறுப்பில் உள்ள அறநிதி, எங்கள் சொத்தாகக் கணக்கிடாதீர்கள் என்று பல்கலைக்கழகம் வாதாடியது. எடுபடவில்லை. மாநில உயர் முறையீட்டு மன்றத்தில் 1888இல் தோல்வி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1890 மே மாதம் மறுபடி தோல்வி. நூலகக் கட்டடத்தை அறங்காவலர் ஹென்றி சேஜ் தன் பணத்தில் கட்டிக்கொடுத்தார், 1891இல் திறந்தார்கள். வைட் தன் சொந்த வரலாற்று நூல்கள் ஏறத்தாழ 30,000ஐ அதற்குக் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், 1904இல் பிஸ்க் இறந்தபோது அவர் சொத்தும் பல்கலைக்கழகத்துக்கே எழுதப்பட்டிருந்தது.

ஏட்டுக்கட்டு:
தெளிவாயிற்று, நன்றி. வைட்டின் பதவிக்காலத்தை 1866 என்று தொடங்குவதா, 1868 என்றா?

பழந்தாள்:
தேர்ந்தெடுக்கப்பட்டது 1866, பதவியேற்பு திறப்பு விழா நாளில். "1866–1885" என்று போட்டு, பதவியேற்பை உள்ளே சொல்லுங்கள். 1879–81இல் பெர்லினில் இருந்தபோதும் அவர்தான் தலைவர், இடைவெளி விடாதீர்கள்.

காணிக்கணக்கு:
ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பைன் காட்டின் பெரும்பகுதி, பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் 1837 ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலம். "அரசு நிலம்" என்று எழுதும் இடத்தில் அதையும் சேருங்கள்.