ஹோர்ட்டன் சமவெளி, உலக முடிவு: தனி வாகனமும் வழிகாட்டியும் வைத்துக் கண்டியிலிருந்து ஒரே நாளில் பார்த்து வரலாமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நானும் என் கணவரும் பத்து வயது மகனும், அறுபத்தாறு வயதாகும் என் அம்மாவும் இலங்கைக்குச் செல்லவிருக்கிறோம். கண்டியில் மூன்று இரவுகளுக்கு அறை பதிவு செய்திருக்கிறோம். அங்கிருந்து ஒரு நாள் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்று, உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை.

இதற்காக ஒரு பயண முகவரிடம் விசாரித்தபோது, எங்கள் குடும்பத்துக்கு மட்டுமான வேன், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, மதிய உணவு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு திட்டம் அனுப்பினார். காலை 6 மணிக்குக் கண்டியில் புறப்பட்டு, வழியில் ரம்பொடை நீர்வீழ்ச்சியையும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்துவிட்டு, நுவரெலியாவில் மதிய உணவை முடித்துக்கொண்டு, பிற்பகலில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய், திரும்பும்போது சீதையம்மன் கோயிலையும் தரிசித்து இரவு 9 மணிக்குள் கண்டிக்கு வந்துவிடலாம் என்கிறார். தொகை சற்று அதிகமாகத்தான் தெரிகிறது. ஆனால், அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் பேருந்திலும் ரயிலிலும் மாறி மாறிப் போவது இயலாத காரியம்.

இந்தத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா, பூங்காவுக்குள் வழிகாட்டி உண்மையிலேயே தேவைதானா, அம்மாவால் எவ்வளவு தூரம் வர இயலும் என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நானுஓயாக்காரன் எழுதியது:

வணக்கம் சகோதரி. இந்தத் திட்டத்தைத் தயாரித்தவர் வரைபடத்தைப் பார்த்தாரே தவிர வானத்தைப் பார்க்கவில்லை. பிற்பகலில் உலக முடிவுக்குப் போனால் நீங்கள் காணப்போவது வெள்ளைத் திரை மட்டுமே.

காரணம் எளியது. ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒரு மேட்டு நிலம். ஏறக்குறைய உங்கள் ஊட்டியின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தெற்கு விளிம்பு சுமார் 870 மீட்டர் ஆழத்துக்குச் சரேலென்று இறங்கிவிடுகிறது. அந்த இடம்தான் உலக முடிவு. வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள தாழ்நிலத்தின் ஈரக் காற்று சூடாகி, அந்தப் பாறைச் சுவரையொட்டி மேலெழும்பி, குளிர்ந்து, விளிம்புக்கு வந்து சேரும்போது மூடுபனியாகிவிடும். பெரும்பாலான நாட்களில் காலை 9 மணியளவில் அது தலைகாட்டத் தொடங்கும். 10 மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கு தெரிந்தால் அது அன்றைய நல்லூழ். பிப்ரவரி எங்கள் பக்கம் மழை குறைந்த மாதம் என்பதால் விடியற்காலை வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் மூடுபனியின் நேரக் கணக்கு அப்போதும் மாறுவதில்லை.

அப்படியானால் 8 மணிக்குள் விளிம்பில் நிற்க வேண்டும். வாகனம் அந்த இடம் வரை போகாது. வாகனத் தரிப்பிடத்திலிருந்து நடைபாதையில் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நடந்துதான் அங்கே போக முடியும். பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கிறது. நுவரெலியாவிலிருந்து பூங்கா 32 கிலோமீட்டர். அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் செல்லும் ஒடுங்கிய மலை வீதி என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆகவே நுவரெலியாவில் தங்கியிருப்பவர்களே 4.45 மணிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மேலும் 77 கிலோமீட்டர், வளைவுகளில் ஏறி வர மூன்று மணி நேரம் ஆகும். நீங்கள் கண்டியில் தங்கிக்கொண்டு இதைச் சரியான நேரத்தில் செய்ய வேண்டுமானால் நள்ளிரவு 1.30 மணிக்கு அம்மாவை எழுப்ப வேண்டியிருக்கும். முதல் நாள் முழுவதும் வேறொரு குடும்பத்தை ஏற்றி இறக்கிய சாரதி அந்த நேரத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வேனை ஓட்டுவார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கண்டி இரவுகள் மூன்றில் ஒன்றை நுவரெலியாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரும் வழியில் ரம்பொடையையும் தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்துவிட்டு மாலையில் நுவரெலியாவில் தங்கிவிட்டால், மறுநாள் உள்ளூர்ச் சாரதி ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். அவர் இரவில் தன் வீட்டில் உறங்கி எழுந்து வருவார். இந்த வீதியை வாரத்துக்கு நான்கு முறை ஓட்டிப் பழகியவராகவும் இருப்பார். எங்கள் மாவட்டத்தில் தமிழ் பேசும் சாரதிக்குப் பஞ்சமே இல்லை என்பதால் அம்மாவுக்கும் பேச்சுத்துணை கிடைக்கும்.

மகனுக்கு ஒரு செய்தி: வழியிலுள்ள பட்டிப்பொல, 1,891 மீட்டர் உயரத்தில் அமைந்த, இலங்கையிலேயே மிக உயரமான புகையிரத நிலையம். திரும்பி வரும்போது பெயர்ப்பலகையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும்.

நொய்யல்வாசி எழுதியது:

மேலே நண்பர் சொன்னதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, உங்களுக்கு வந்திருப்பதைப் போன்ற ஒரு தனிப் பயணத் திட்டத்தை நம்பிக் கண்டியிலிருந்து கிளம்பினோம். பூங்கா வாயிலை அடைந்தபோது மணி 11.30. உலக முடிவில் நாங்கள் நாற்பது நிமிடம் நின்றோம்; எங்களுக்கு முன்னால் இருந்த கம்பித் தடுப்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வழிகாட்டி என்று அறிமுகப்படுத்தப்பட்டவரோ வாகன நிறுத்தத்திலேயே இருந்துகொண்டு, "பாதை நேராகத்தான் போகிறது, நீங்களே போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

அன்று எங்களுக்கு மேலும் ஒரு சங்கடம் நேர்ந்தது. பேசிய தொகைக்குள் நுழைவுக்கட்டணம் அடங்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம், அடங்கவில்லை. வெளிநாட்டவருக்கான கட்டணம் டாலர் கணக்கில் வகுக்கப்பட்டு, அதன்மேல் சேவைக் கட்டணம், வரி, வாகனத்துக்கான கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, நுழைவுச்சீட்டு யார் பொறுப்பு, வழிகாட்டி நடைபாதையில் உங்களுடன் வருவாரா, எத்தனை மணிக்குப் பூங்கா வாயிலில் இருப்பீர்கள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த முகவரை விட்டுவிடுவது நல்லது. எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தென்னாசிய நாட்டினருக்குக் கட்டணச் சலுகை உண்டா என்றும் வாயிலில் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவைப் பற்றி: முழுச் சுற்று ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சமவெளி என்ற பெயரை நம்பிவிட வேண்டாம். தொடக்கத்தில் புல்வெளியாக இருந்தாலும், பிறகு வேர்களும் உருட்டுக் கற்களும் மண் அரித்த பள்ளங்களும் மாறி மாறி வரும். பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க இறங்கும் செங்குத்தான வழி ஈரத்தில் வழுக்கும். நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கே மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பதால், என் மாமியார் அரைக் கிலோமீட்டரிலேயே திரும்பிவிட்டார். அவர் செய்ததே சரி என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் எங்களில் எவரும் பார்க்காத ஒரு மான் கூட்டத்தை வாகன நிறுத்தத்தின் அருகே அவர்தான் நின்று நிதானமாகப் பார்த்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அது சாதாரணப் புள்ளிமான் அல்ல, மரை என்னும் பெரிய மான். தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வீர்கள். நாங்கள் மரை என்போம். புல்வெளியில் அவை மனிதரைக் கண்டு அஞ்சாமல் மேய்வதைக் கண்டு சிலர் ரொட்டித் துண்டுகளை நீட்டுகிறார்கள். அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள், பிள்ளையையும் செய்ய விடாதீர்கள்.

வழிகாட்டி தேவையா என்ற கேள்விக்கு நான் சற்று மாறுபட்ட விடை சொல்வேன். வழி தெரிந்துகொள்வதற்காக என்றால் தேவையில்லை. அறிவிப்புப் பலகைகளோடு கூடிய ஒரே சுற்றுப்பாதைதான். வழி தவறுவது கடினம். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்பது தெரியாமல் 9 கிலோமீட்டர் நடந்தால், புல்லும் குட்டை மரமும் என்ற அளவிலேயே அந்த நிலம் மனத்தில் நின்றுவிடும். பறவை பார்ப்பதற்காகப் பலமுறை அங்கே போயிருக்கிறேன். நல்லதொரு வழிகாட்டியுடன் சென்ற நாளும் தனியே சென்ற நாளும் எனக்கு இரண்டு வெவ்வேறு இடங்களாகவே தோன்றின.

எடுத்துக்காட்டாக, பாதையோரத்தில் முறுக்கிய கிளைகளும் சிவந்த பூக்களுமாக நிற்கும் மரத்தைக் கடந்துதான் எல்லோரும் போகிறார்கள். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று அழைக்கப்படும் மரத்தின் இனமேதான் அது; கடலுக்கு இருபுறமும் உள்ள மலை உச்சிகளில் சிறு வேறுபாடுகளோடு வளர்கிறது. மூக்கின் நுனியில் கொம்பு முளைத்தாற்போல் இருக்கும் ஓணான் ஒன்று இங்கே உண்டு. இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பாசி படர்ந்த கிளையில் அசையாமல் இருக்கும் அதை என் கண் ஒருமுறைகூடத் தானாகக் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் காட்டித் தந்தவர் ஒரு வழிகாட்டியே. மேகம் உரசிச் செல்லும்போது அந்தப் பாசிகளும் இலைகளும் ஈரத்தைப் பிடித்துத் துளித்துளியாக மண்ணில் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் ஓடைகள் இந்த நிலத்தில்தான் பிறக்கின்றன. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்கும், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கும் காரணம் பாறை விளிம்பின் அழகு மட்டுமன்று, இந்தக் காடுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் நேரில் சொல்ல ஒருவர் இருந்தால் நடையின் களைப்பே தெரியாது.

ஆகவே வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதென்றால், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் பெற்றவரா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை, உரிமம் உள்ளவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். தேசிய அளவிலான வழிகாட்டி, சாரதியாகவும் வழிகாட்டியாகவும் பணிபுரிபவர், குறிப்பிட்ட பிரதேசத்துக்கான வழிகாட்டி என்று தனித்தனி உரிமங்கள் உள்ளன. சாரதியே வழிகாட்டியாகவும் இருந்தால், நான்கு மணி நேரம் வாகனத்தை விட்டுவிட்டு உங்களோடு நடக்க அவர் இசைவாரா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இயற்கையில் ஆர்வமில்லாத ஒருவர் ஆளுநர் ஹோர்ட்டனின் பெயரையும் சாமுவேல் பேக்கரின் பெயரையும் சொல்லிவிட்டு அமைதியாக நடந்துவருவதற்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை.

விளிம்பில் பிள்ளையின் கையை விடாதீர்கள். 2015ஆம் ஆண்டு நெதர்லாந்துப் பயணி ஒருவர் மனைவியைப் படம் எடுப்பதற்காகப் பின்னால் நகர்ந்து தவறி விழுந்தார். மரமொன்றில் சிக்கியதால் உயிர் தப்பி, இராணுவத்தினரால் மீட்கப்பட்டார்.

பொருநைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரிடம் நொய்யல்வாசி சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டேன். நுழைவுக்கட்டணம் தனி என்றும், வழிகாட்டி "தேவைப்பட்டால்" நடந்து வருவார் என்றும், நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் பதில் வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டோம். கண்டி விடுதியில் கடைசி இரவை ரத்து செய்துவிட்டு நுவரெலியாவில் ஓர் அறை எடுத்திருக்கிறோம்.

அம்மாவை அதிகாலைக் குளிரில் எழுப்பி அழைத்துப்போய் வாகன நிறுத்தத்தில் அமர்த்துவதா, அல்லது விடுதியிலேயே விட்டுச் செல்வதா என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. "மரையைப் பார்க்கவாவது வருவேன்" என்கிறார். உணவு, உடை பற்றியும் சொன்னால் நலம்.

நானுஓயாக்காரன் எழுதியது:

தாராளமாக அழைத்து வாருங்கள் சகோதரி. முதல் சில நூறு மீட்டர் புல்வெளி நடை அவருக்குக் கடினமாக இராது. அந்த நேரத்தில் மரைகளும் அங்கேதான் நிற்கும். பார்வையாளர் நிலையத்தில் உட்கார இடமும் கழிப்பறையும் உண்டு. சாரதி அம்மாவோடு இருந்துகொள்வார், வழிகாட்டி உங்கள் மூவரோடு நடப்பார் என்று இரண்டு பேரை ஏற்பாடு செய்துகொண்டால், நீங்கள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. செலவு கொஞ்சம் கூடும். ஆனால் கண்டி முகவருக்குக் கொடுக்கவிருந்ததைவிட அதிகமாகாது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி விடியலில் இங்கே புல்நுனியில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும் நாட்களும் உண்டு. கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி, காலுறை எல்லாம் வேண்டும்; 9 மணிக்குப் பிறகு அதே இடத்தில் வெயில் சுடும் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றக்கூடியவையாக இருக்கட்டும். காலைச் சாப்பாட்டை விடுதியில் முதல் நாளே சொல்லிக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பொலித்தீன் பையில் கட்டித் தர வேண்டாம், காகிதத்தில் தாருங்கள் என்று சொல்ல மறக்க வேண்டாம். நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து சோதித்து, பொலித்தீன் அனைத்தையும் எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் தாளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அந்த வரிசையில் கால் மணி நேரம் இழந்தால், விளிம்பில் உங்களுக்குக் கிடைக்கும் தெளிவான வானத்தில் கால் மணி நேரம் குறையும்.

சுற்றுப்பாதையில் முதலில் சிறிய உலக முடிவு என்னும் ஆழம் குறைந்த பாறை விளிம்பு, அடுத்து உலக முடிவு, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையில் போங்கள். நீர்வீழ்ச்சிக்கு மூடுபனியால் இழப்பில்லை. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அது எந்த நேரமும் தெரியும். மிகத் தெளிவான நாளில் உலக முடிவிலிருந்து தெற்குக் கடல் வரை தெரியும் என்பார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது தாழ்நிலத்தில் பளபளக்கும் நீர்த்தேக்கம் வரைதான்.

பதினொரு மணிக்குள் பூங்காவை விட்டு இறங்கிவிடுவீர்கள். சீதையம்மன் கோயிலும் ஹக்கல தாவரவியல் பூங்காவும் நுவரெலியாவிலிருந்து பதுளை போகும் வீதியில் அருகருகே இருக்கின்றன. பிற்பகலை அம்மாவின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.